பூனைக்குப் பல் துலக்கும் பற்பசை: விர்பாக் சி.ஈ.டி. குறித்த ஒரு மதிப்பீடு

பூனைக்குப் பல் துலக்கிவிடுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் பூனை வளர்ப்பவர்களில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் முழங்கையை மடக்கிப் பழைய கீறல் தழும்புகளைக் காட்டுகிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும், மூன்று வயதைக் கடந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஓர் அளவில் ஈறு நோய் இருப்பதாகக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வலி இருப்பதைக் காட்டிக்கொள்ளாத பிராணி என்பதால், சாப்பாட்டுத் தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் நாள் வரைக்கும் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அந்த நாளுக்கு முன்னதாகவே வீட்டில் செய்யக்கூடியது என்ன என்று தேடுபவர்களின் கண்ணில் முதலில் படும் பொருள்களில் ஒன்று, பிரான்ஸ் நாட்டு நிறுவனமான விர்பாக் தயாரிக்கும் சி.ஈ.டி. நொதிப் பற்பசை. கோழிச் சுவையுள்ள 70 கிராம் டியூபை எங்கள் வீட்டின் இரண்டு நாட்டுப் பூனைகளுக்கும் பயன்படுத்தி வருகிறோம். அந்தப் பழக்கத்திலிருந்தும், இந்தப் பற்பசை எந்த அடிப்படையில் வேலை செய்கிறது என்பதைப் படித்தறிந்ததிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

பற்பசையைப் பற்றிச் சொல்வதற்கு முன் பூனையின் வாயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வளர்ந்த பூனைக்கு மொத்தம் 30 பற்கள். மேல் தாடையில் 16, கீழ்த் தாடையில் 14. உணவு உண்ட சில மணி நேரத்திற்குள்ளாகவே பல்லின் மீது பாக்டீரியாக்கள் ஒட்டிய மெல்லிய படலம் ஒன்று உருவாகத் தொடங்குகிறது. துணியால் துடைத்தாலும் போய்விடும் அளவுக்கு அது மென்மையானது. ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து சில நாள்களிலேயே காரையாக இறுகிவிடும். காரை இறுகிய பிறகு எந்தப் பிரஷ்ஷும் எந்தப் பசையும் அதை அகற்றாது. மருத்துவர் கருவிகொண்டு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே வீட்டில் நாம் செய்யும் எல்லாமே, படலம் காரையாவதற்கு முன் அதைத் துடைத்தெறியும் முயற்சிதான். தினமும் செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கும் வாரம் ஒருமுறை செய்வதால் பெரும் பயன் இல்லை என்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது பற்பசைக்கு வருவோம். இதில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், லாக்டோபெராக்சிடேஸ் என்ற இரண்டு நொதிகள் உள்ளன. முதல் நொதி குளுக்கோஸைப் பயன்படுத்தி மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. இரண்டாம் நொதி அந்தப் பெராக்சைடைக்கொண்டு பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் சேர்மம் ஒன்றை உருவாக்குகிறது. எச்சிலிலேயே இயல்பாக நடைபெறும் ஒரு தற்காப்பு வேலையை இது சற்று வலுப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நுரை உண்டாக்கும் பொருள் இதில் கிடையாது. பூனைக்கு வாய் கொப்பளிக்கத் தெரியாது. வாய்க்குள் போனது எல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். எனவே விழுங்கினாலும் கேடில்லாதபடி தயாரிக்கப்பட்டிருப்பதே இந்த வகைப் பசையின் முதல் தகுதி.

நொதிகளின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த டியூபின் உண்மையான மதிப்பு அதன் சுவையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. பல்லைச் சுத்தம் செய்வது பிரஷ்ஷின் உராய்வு. அந்தப் பிரஷ்ஷை வாய்க்குள் விடப் பூனை சம்மதிக்க வேண்டுமே! அந்தச் சம்மதத்தைத்தான் நாம் இந்த டியூபில் காசு கொடுத்து வாங்குகிறோம். டியூபைத் திறந்து முகர்ந்தால் நமக்குக் கோழிக் குழம்பு நினைவுக்கு வரப்போவதில்லை. பூனைக்கோ அது வேறு விதமாகப் படுகிறது போலும். எங்கள் முத்து என்ற ஆண் பூனை, விரல் நுனியில் வைத்து நீட்டிய பசையை முதல் நாளே நக்கித் தீர்த்துவிட்டு, மூடியைத் திருகும் ஓசை கேட்டாலே மேசை மீது வந்து உட்காரப் பழகிவிட்டது. வயதில் மூத்த கருப்பிக்கு அத்தனை ஆர்வம் இல்லை. முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. நெத்திலிக் கருவாட்டுத் துண்டில் துளி பசையைத் தடவி வைத்தபோது மட்டும் தின்றது. பிறகு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது என்றாலும், முத்துவிடம் உள்ள பரவசம் அதனிடம் இன்றுவரை இல்லை. சுவை என்பது பூனைக்குப் பூனை மாறும். இதே பசை கடல் உணவுச் சுவையிலும் வருகிறது என்பதால், கோழியை விரும்பாத பூனைக்கு அதை முயன்று பார்க்கலாம். புதினா வகைச் சுவைகளைப் பூனைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது.

பிரஷ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பசையுடன் சேர்த்து விற்கப்படும் சிலிக்கோன் விரல் உறைகள் பார்வைக்கு எளிமையாகத் தோன்றினாலும் பூனைக்குப் பொருந்துவதில்லை. உறையை மாட்டிய விரல் பூனையின் கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே உள்ள சந்தில் நுழையாத அளவுக்குத் தடித்துவிடுகிறது. அதன் முட்கள் ஈறு விளிம்பின் அடியில் போய்ச் சேராத அளவுக்கு மொண்ணையாக இருக்கின்றன. அத்துடன், நமது விரலை நாமே பூனையின் கோரைப் பற்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கிறோம். பூனைக் கடி பார்ப்பதற்குச் சிறு புள்ளியாக இருந்தாலும் ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கக்கூடியது. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும்கொண்டு பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். இந்த வம்புக்குப் பதிலாக, பூனைக்கென்றே விற்கப்படும் மிகச் சிறிய தலையுள்ள பிரஷ்ஷையோ, அது கிடைக்காவிட்டால் பல் முளைக்கும் கைக்குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ்ஷையோ வாங்கிவிடலாம். பசைக்குச் செலவழிக்கத் தயங்குபவர்கள்கூடப் பிரஷ்ஷில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது என்பேன். வெறும் தண்ணீரில் நனைத்த நல்ல பிரஷ் பாதி வேலையையாவது செய்யும். விரலால் தடவிய விலையுயர்ந்த பசை அதையும் செய்யாது.

துலக்கும் முறையை டியூபின் மேலுள்ள நாலு வரிகளைக்கொண்டு கற்றுக்கொள்ள முடியாது. பூனையை மல்லாத்திப் போட்டுத் துணியில் சுற்றி வாயைப் பிளப்பது என்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும்; அடுத்த முறை டியூபைப் பார்த்ததும் அது கட்டிலுக்கடியில் இருக்கும். முதலில் சில நாள்களுக்குப் பசையை நக்கக் கொடுப்பது மட்டும் போதும். பிறகு, கன்னத்தைத் தடவிக்கொடுக்கும்போதே கட்டை விரலால் மேலுதட்டைச் சற்றே உயர்த்தி விட்டுவிட வேண்டும். அதற்கும் பழகிய பின், பஞ்சு சுற்றிய குச்சியில் பசையைத் தொட்டுக் கோரைப் பல்லின் வெளிப்புறத்தில் ஒரு தடவு. அவ்வளவுடன் அன்றைய பாடம் முடிந்தது. பிரஷ் இதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். இப்படிப் போனால் சில வாரங்கள் ஆகும். ஆகட்டும், அந்தப் பூனை இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் நம்முடன் இருக்கப்போகிறது.

வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. பற்களின் உட்புறத்தைச் சொரசொரப்பான நாக்கு ஓரளவுக்குப் பார்த்துக்கொள்கிறது. நாம் கவனிக்க வேண்டியது கன்னத்தை ஒட்டிய வெளிப்புறம். அதிலும் குறிப்பாக மேல் தாடையின் பெரிய கடைவாய்ப் பல். உமிழ்நீர்ச் சுரப்பியின் குழல் ஒன்று அதனருகே திறப்பதால் காரை படிவது அங்கேதான் அதிகம். கருப்பியின் உதட்டோரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால், அந்தப் பல்லில் ஈறைத் தொடும் இடத்தில் தேநீர்க் கறை போன்ற பழுப்புக் கோடும், அதற்கு மேலே ஈறின் விளிம்பில் நூல் பிடித்தாற்போல் சிவப்பும் தெரியும். முன் பற்களோ பளிச்சென்று வெண்மையாக இருக்கும். கொட்டாவி விடும்போது முன் பற்களைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் உதட்டோரத்தை ஒருமுறை விலக்கிப் பார்ப்பது நல்லது. பிரஷ்ஷை ஈறு விளிம்பை நோக்கி 45 பாகை சாய்த்துப் பிடித்து, பக்கத்துக்கு அரை நிமிடம் சிறு சிறு அசைவுகளாகத் தேய்த்தால் போதுமானது. பசையும் பச்சைப்பயறு அளவுக்கு மேல் தேவைப்படுவதில்லை. பசையை முட்களுக்கு மேலே குவிக்காமல் முட்களுக்குள் அழுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பூனை அதை முதல் நக்கலிலேயே வழித்துக்கொண்டு எழுந்து போய்விடும்.

இந்த டியூபின் விலையைப் பார்த்ததும், வீட்டில் இருக்கும் பற்பசையிலேயே கொஞ்சம் எடுத்துத் தேய்த்தால் என்ன என்று தோன்றுவது இயற்கை. செய்யக் கூடாது. மனிதர்களுக்கான பற்பசை துப்புவதற்கென்று தயாரிக்கப்படுவது. அதில் உள்ள ஃபுளோரைடும் நுரைக்கும் பொருளும் நாள்தோறும் பூனையின் வயிற்றுக்குள் போவது கேடு. சமையல் சோடாவும் உப்பும் சோடியத்தைக் கூட்டும். சிறுநீரகக் கோளாறு எளிதில் வரும் பிராணிக்கு அது ஏற்றதன்று. எல்லாவற்றையும் விடக் கவலைக்குரியது கிராம்புத் தைலம். நம் வீடுகளில் பல் வலி என்றால் கை தானாகவே அதைத் தேடிப் போகும். ஆனால் கிராம்பில் உள்ள யூஜெனால் போன்ற பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நமக்கு மருந்தாவது அதற்கு நஞ்சாகிவிடும். தேயிலை மர எண்ணெயும் அப்படியே. மூலிகைப் பற்பொடி, ஆயுர்வேதப் பற்பசை என்று பெயரிருப்பதால் பூனைக்குத் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. அவற்றுள் பலவற்றில் கிராம்பு உண்டு.

துலக்கவே விடாத பூனைகளும் இருக்கின்றன. தெருவிலிருந்து வளர்ந்த பிறகு வீட்டுக்கு வந்தவை பெரும்பாலும் அப்படித்தான். அவற்றை வைத்திருப்பவர்கள் பல் நலத் தின்பண்டங்களையும் பல் நல உலர் உணவுகளையும் நாடலாம். இங்கே ஒரு முத்திரையைக் கவனிக்கச் சொல்வேன். 1997-இல் தொடங்கப்பட்டதும் வி.ஓ.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவதுமான கால்நடை வாய்நலக் குழு, தயாரிப்பாளர்கள் தரும் சோதனை முடிவுகளைப் பரிசீலித்து, படலத்தையோ காரையையோ உண்மையிலேயே குறைப்பதாக நிறுவப்பட்ட பொருள்களுக்கு மட்டும் தன் முத்திரையை வழங்குகிறது. பூனைகளுக்கான கிரீனிஸ் தின்பண்டமும் ஹில்ஸ் நிறுவனத்தின் டி/டி உலர் உணவும் அம்முத்திரை பெற்றவை. டி/டி உணவின் ஒவ்வொரு துண்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். அதிலுள்ள நார் அமைப்பினால் பல் உள்ளே இறங்கும் வரை துண்டு நொறுங்காது, இறங்கும்போதே பல்லின் பக்கங்களைத் துடைத்துவிடும். சாதாரண உலர் உணவு அப்படியன்று. பல் நுனி பட்டதுமே அது பொடிந்துவிடும். பல பூனைகள் அதை மெல்லாமல் விழுங்கியும்விடுகின்றன. உலர் உணவு போட்டாலே பல் சுத்தமாகிவிடும் என்று கடைகளில் சொல்லப்படுவதை அதனால் நம்ப வேண்டியதில்லை. மீனும் சோறும் தின்று வளரும் பூனைக்கு இந்தத் தின்பண்டங்களில் தினம் சில துண்டுகள் கொடுப்பது, ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேல், பிரஷ்ஷுக்கு ஈடாகாது.

குடிநீரில் கலக்கும் திரவங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணி, கிண்ணத்தில் வாசனை மாறியிருந்தால் அதையும் நிறுத்திக்கொள்ளும். உணவில் தூவும் கடற்பாசிப் பொடிகளுக்குச் சந்தையில் நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் கடற்பாசியில் அயோடின் இருப்பதால் தைராய்டு நோய் உள்ள முதிய பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வேக வைத்த எலும்பைக் கடிக்கக் கொடுப்பதும் வேண்டாம்; அது கூராகப் பிளந்து தொண்டையில் தைக்கும், பல்லையும் உடைக்கும்.

மீண்டும் சி.ஈ.டி.க்கு. இது எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் ஒரு நோய் உண்டு: பல் தன் வேரிலிருந்தோ கழுத்துப் பகுதியிலிருந்தோ தானாகவே கரையத் தொடங்கிவிடும். அது ஏன் வருகிறது என்று இன்றுவரை திட்டவட்டமாகக் கண்டறியப்படவில்லை. துலக்குவதால் அதைத் தடுக்க முடியும் என்பதற்கும் சான்று இல்லை. ஈறின் கீழ் நடப்பதால் எக்ஸ்ரே எடுத்தால்தான் முழு அளவும் தெரியும். வாய் முழுவதும் ஈறு சிவந்து புண்ணாகிப் பூனையை உண்ண விடாமல் செய்யும் கடும் அழற்சி ஒன்றும் இருக்கிறது. அதற்கு ஆளான பூனையின் வாயில் பிரஷ்ஷை வைப்பது கொடுமை. எச்சில் ஒழுகுதல், ஒரு பக்கமாகவே மெல்லுதல், வாயிலெடுத்த உணவைக் கீழே போடுதல், தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடுதல், அழுகல் வாடை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் டியூபை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பிற ஊர்களில் சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரை நாடலாம். உண்மையில், பற்பசை வாங்குவதற்கு முன்னரே ஒருமுறை வாயைக் காட்டிவிடுவதுதான் முறை. வலி உள்ள பல்லில் தேய்த்துப் பழக்க முயன்றால், பூனை பிரஷ்ஷை ஆயுள் முழுக்க எதிரியாகவே நினைக்கும்.

மயக்க மருந்து இல்லாமலே காரையைச் சுரண்டித் தருவதாகச் சில அழகு நிலையங்கள் இப்போது விளம்பரம் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் அதில் வெள்ளையாக்க முடியும்; நோய் குடியிருக்கும் ஈறின் அடிப்பகுதியைத் தொடவே முடியாது. பூனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கூர்மையான கருவியை வாய்க்குள் விடும் ஆபத்தும் இதில் இருக்கிறது. அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு இதை வெளிப்படையாகவே எதிர்க்கிறது. மயக்க மருந்தைக் கண்டு அஞ்சுபவர்கள், முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்யும் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாங்குவது குறித்து ஒன்றிரண்டு செய்திகள். மனிதர்களின் பற்பசையோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு அதிகம். ஆனால் ஒருமுறைக்குச் செலவாவது சொற்பம் என்பதால், ஒரு பூனை உள்ள வீட்டில் 70 கிராம் டியூப் மாதக்கணக்கில் வரும். அதனாலேயே காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குவது அவசியமாகிறது. இணையத்தில் ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய டியூபில் இன்னும் இரண்டே மாதம்தான் மீதியிருந்தது; திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பின் கடைக்கு நேரில் சென்று, பெட்டியின் அடியில் உள்ள தேதியைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். நொதிகள் வெப்பத்தில் வீரியம் இழப்பவை என்பதால், சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் விழும் அலமாரியிலோ வாகனத்திலோ டியூபை விட்டுவைக்கக் கூடாது. இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டு பிரஷ்கள் வேண்டும். ஒன்றின் வாய்த் தொற்றை மற்றொன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நாமே வழி செய்யலாகாது.

மொத்தத்தில், பூனைக்குட்டியை இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இந்தப் பசையைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆறு மாத வாக்கில் நிரந்தரப் பற்கள் முளைத்து முடிவதற்குள் வாயைத் தொடவிடும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால், பிறகு சிரமமே இல்லை. முன்பே காரை இறுகிவிட்ட பூனையை வைத்திருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுப்பது) செய்துகொண்டு, ஈறு ஆறியதும் இதைத் தொடங்கலாம். கோழி இறைச்சி ஒவ்வாமை உள்ள பூனைக்கு இந்தச் சுவை வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு மாற்றுச் சுவையைத் தேர்ந்துகொள்ளுங்கள். தினமும் ஒரு நிமிடம் ஒதுக்க முடியாது, வாரக் கடைசியில் நினைவு வந்தால் துலக்குவேன் என்பவர்கள் இந்தப் பணத்தை முத்திரை பெற்ற தின்பண்டத்துக்குச் செலவிடுவதே மேல்.